நான் கேட்ட கைப்பை

பர்மாவின் ஷான் மலை ஓட்டத்தில் போன வருடம் என் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. விரல்கள்தான் காலை வாரிவிட்டன.

இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். பதினான்காவது கிலோமீட்டரில் வலது ஷூவின் நாடா அவிழ்ந்தது. குனிந்தேன். பத்து விரல்களும் வெளுத்துப்போய் மரக்கட்டை மாதிரி இருந்தன. நாடாவைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை. யாங்கோனில் வருடம் முழுக்க வேர்த்துக்கொட்டுகிற உடம்பு இது. மார்கழி மாதத்து மலைக்குளிர் அதற்கு எங்கே பழக்கம்? மூன்று தடவை முயன்றுவிட்டு, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். அங்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண் ஓடி வந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கட்டுவதுபோல் கட்டிவிட்டாள். நாற்பத்தேழு வயதில் எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. கட்டிய நாடாவோடு எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் வந்த வண்டியில் ஏறிவிட்டேன். ஏறியதற்காக ஒரு வருடம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் என் நாடாவை நானே கட்டி, ஓட்டத்தை முடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். அதற்குக் குளிர் தாங்குகிற கையுறை வேண்டும்.

கையுறை என்ற சொல்லை அப்போது நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. பர்மிய மொழியில் அதற்கான சொல்லைப் பிரித்தால் கை, பை என்று இரண்டு துண்டுகள் வரும். சாக்ஸும் அப்படித்தான், கால், பை. அதனால் எங்கள் வீட்டில் தமிழ் பேசும்போது கைப்பை, கால்பை என்போம். தவறு என்று யாரும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆள் வேண்டுமே.

சென்னையில் இருக்கும் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, ஊர் பார்க்க இங்கே வருவதாக இருந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ஃபோனில் குரல் செய்தி அனுப்பினேன். "அக்கா, குளிர்ல ஓடணும். நல்ல கைப்பையா ஒண்ணு வாங்கியாங்க."

ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்து, பொட்டலத்தை ஆசையாக என் மடியில் வைத்தாள். பிரித்தேன். சிவப்புத் தோலில், தங்க நிற ஜிப் வைத்த ஹேண்ட்பேக்.

"என்னாக்கா இது?"

"நீதானடி கைப்பைன்னு சொன்னே? ஓடறவளுக்கு ஹேண்ட்பேக் எதுக்குன்னு நானும் மண்டைய உடைச்சுக்கிட்டேன். சரி, பர்மாக்காரங்க வழக்கமோ என்னவோன்னு வாங்கிட்டேன்."

விரல்களை ஆட்டிக் காட்டி விளக்கினேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "அப்போ ஹேண்ட்பேக்க என்னன்னு சொல்லுவீங்க?"

"அத பர்மா பாஷையில சொல்லுவோம்."

அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் தமிழைப் பார்த்துச் சிரித்ததுகூடப் பெரிதில்லை. பத்தே நாள் இருக்கும்போது என் கையில் ஒரு ஹேண்ட்பேக்தான் இருந்தது.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். போட்டாதாங் துறைமுகப் பக்கம், மூட்டை தூக்குகிறவர்கள் போடும் வெள்ளை நூல் கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். மார்க்கெட்டில் கம்பளிக் கையுறை கிடைத்தது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தன்லியினிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வரும் ஒருவர், அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடும் தோல் கையுறையைக் கடன் கொடுத்தார். மூன்றுமே ஐந்து விரல் வைத்தவை. எதை எடுப்பது? யாங்கோனில் எதைப் போட்டாலும் கை புழுங்கத்தான் செய்யும். குளிரை நான்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

பாதி நாள் கரண்ட் இல்லாததால் ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாக நின்றது. மீன் வாங்கப் போகும்போது எடுத்துப்போகிற தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ் உடைத்து வாங்கி வந்தேன். கையுறையோடு ஆற்றோரச் சாலையில் ஓடிவிட்டு, வேர்வை ஈரத்தோடு கைகளைப் பெட்டிக்குள் விட்டு, பத்து நிமிடம். பிறகு கழற்றிப்போட்டு ஷூ நாடாவைக் கட்ட வேண்டும். இதுதான் பரீட்சை.

என் கணவர் அப்பா வழியில் தமிழர், அம்மா வழியில் பர்மியர். பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"மீன் எங்கே?"

"மீன் இல்ல. என் கைதான்."

டீ போடப் போய்விட்டார். இருபது வருடத்தில் என்னைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும்.

நூல் கையுறை மூன்றாவது நிமிடமே தோற்றது. தோல் கையுறைக்குள் விரல்கள் தனித்தனியாக விறைத்தன. கம்பளி பரவாயில்லை, ஆனாலும் நாடா இரண்டு தடவை நழுவியது. எரிச்சலில், மறுபடியும் கம்பளியைப் போட்டு, விரல்களை உள்ளுக்குள்ளேயே இழுத்து முஷ்டியாக மடக்கி வைத்துக்கொண்டேன். கம்பளி விரல்கள் ஐந்தும் காலியாகத் தொங்கின. பத்து நிமிடம் கழித்து எடுத்தால், கை சுடுகிறது! ஒட்டிக்கொண்டிருந்தால் விரல்கள் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்கின்றன. எனக்கு வேண்டியது விரல் இல்லாத உறை. நிஜமாகவே ஒரு பை.

அப்படி ஒன்று கடைகளில் இல்லை. நான்கு நாள் அலைந்தேன். கடைக்காரம்மாக்கள் பிறந்த குழந்தைகளுக்கு மாட்டும் உறையைத்தான் எடுத்துக் காட்டினார்கள். ஐந்தாம் நாள், அக்கா மலைக்காகத் தனக்கு வாங்கி வந்திருந்த கம்பளி சாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை அவள் கையிலிருந்து பிடுங்கி என் கையில் மாட்டினேன். முழங்கை வரைக்கும் வந்தது.

கணவர் முகம் மாறியது. அவர் அம்மா வீட்டு வழக்கத்தில் இடுப்புக்குக் கீழே உடுத்தும் துணியை மேல்துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூட மாட்டார்கள். "கால்ல போடறத கையில போடறதா? பாவம்."

"இப்பத்தான் அட்டையிலேருந்து பிரிச்சது. கால் இன்னும் இத பாக்கவே இல்ல. நா மொதல்ல கையில போட்டா இது கைப்பைதானே?"

யோசித்தார். "துவைக்கறப்போ மேல்துணியோட போடு. அப்பறம் கால்ல மட்டும் போட்டுறாதே."

அன்று மாலை கால்பை ஐஸ் பரீட்சையில் பாஸானது.

மலையில் விடிகாலை, என் வாயிலிருந்து புகை வந்தது. கையில் சாக்ஸோடு நின்றவளைப் பார்த்து இரண்டு பெண்கள் காதோடு காதாகப் பேசிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஓடினேன்.

பதினான்காவது கிலோமீட்டர் வந்தது. நாடா அவிழவில்லை. இறுக்கமாக, அழகாக இருந்தது. விரல்கள் உள்ளே கதகதப்பாக இருந்தன. பேசாமல் ஓடிப்போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, பல்லால் கடித்து இரண்டு கை சாக்ஸையும் உருவி, வலது ஷூவின் நாடாவை நானே அவிழ்த்தேன். தண்ணீர் மேசையிலிருந்து ஒரு பெண் உதவிக்கு ஓடி வந்தாள். போன வருடத்தவளா என்று தெரியாது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கட்டினேன். அதன் மேல் இன்னொரு முடிச்சும் போட்டேன். மீதி ஏழு கிலோமீட்டரும் ஓடினேன்.

முடிவுக் கோட்டில் அக்கா சிவப்பு ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். என் விரல்களைப் பிடித்துத் தேய்த்தபடி, நடந்ததைக் கேட்டாள்.

"அவிழாத நாடாவ அவிழ்த்தியா? ரெண்டு நிமிஷம் போச்சேடி. உனக்கென்ன பைத்தியமா?"

"போன வருஷம் அங்கதான் வண்டியில ஏறுனேன் அக்கா," என்றேன். "இன்னைக்குத்தான் எறங்குனேன்."