முட்டை பூசிய தீக்குழாய்

1. தோலுக்குத் தீனி

மகாராணி காலத்தில் வேலூருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாளத்துக் கிடங்கு இருந்தது. குதிரைக்கு வைக்கோல், சேணம், பூட்ஸ், கூடாரம் எல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கும். அந்தக் கிடங்கின் நெருப்பணைக்கிற ஷெட்டில் நான் கூலிக்குச் சேர்ந்தேன். ஒரு கைப்பம்பு, ஆறு ஆட்கள், மேலே ஒரு அவில்தார். அவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அப்போது தண்ணீர்க் குழாய் எருமைத் தோலில் செய்ததாக இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் மாட்டுக் கொழுப்பையும் மீன் எண்ணெயையும் வெதுவெதுப்பாகக் காய்ச்சி, அந்தத் தோலுக்குள் இறங்கும்படி தேய்க்க வேண்டும். தேய்க்காமல் விட்டால் காய்ந்து வெடித்துவிடும். என் அப்பா ஆம்பூரில் தோல் ஷாப்பில் பதனிடுகிறவர். அதனால் இந்த வேலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

இரண்டு வருஷம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் மேலேயிருந்து செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்ததாம். ஆபீஸ் ஹெட் கிளார்க் முதலில் இரண்டு பம்பு ஆட்களை நிறுத்தினார். அடுத்து எண்ணெய், கொழுப்பு இரண்டையும், சாமான் கேட்டு எழுதுகிற இண்டெண்ட் நோட்டில் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பாய் கேட்கப் போனார். நான் பின்னால் எண்ணெய் டின்னோடு நின்றேன்.

"வருஷம் மூணாச்சு, ஒரு நெருப்புகூட வரல. வராத நெருப்புக்கு எண்ணெய் எதுக்குங்கறேன்?"

"ஐயா, வீட்டுக்குத் திருடன் வரலன்னு கதவைக் கழட்டி வித்துடுவீங்களா?"

"ரொம்பப் பேசாதே அவில்தார். உத்தரவு உத்தரவுதான்."

மூன்று தரம் எழுதிக் கேட்டோம். மூன்று தரமும் சிவப்பு மைதான்.

2. ஜெனரல் துரை வருகிறார்

பங்குனியில் ஜெனரல் துரை பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அடேயப்பா, அப்போது மட்டும் எங்கேயிருந்துதான் சாமான் வந்ததோ! வாளிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட், பித்தளைக்குப் பாலிஷ். தண்ணீர் சொட்டினால் பெயிண்ட் கெடும் என்று வாளியில் இருந்த தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள். வெறும் வாளிகள் வரிசையாகத் தொங்கின.

குழாய் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. கிளார்க் அதைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ ஷாப்புக்காரன் பொண்ணுதானே? இதைப் பளபளன்னு ஆக்க உனக்கு வழி தெரியாது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் என்னை மதித்து ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தரம். "தெரியும் ஐயா" என்றேன்.

முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, காய்ந்ததும் கண்ணாடிக் குண்டால் அழுத்தித் தேய்த்தால் தோல் மின்னும். விற்பனைக்குப் போகிற தோலுக்கு அது அழகு. எண்ணெய் வற்றின தோலுக்கு அது வெறும் பூச்சு. தெரிந்தேதான் செய்தேன். மறுநாள் காலையில் இரண்டு கூடை முட்டை வந்தது.

பாய் சிரித்தார். "பார்த்தியா தங்கச்சி, முட்டைக்குத் துட்டு இருக்குது, கொழுப்புக்குத்தான் இல்ல. கிளார்க் ஐயாகிட்டயே அது ஜாஸ்தி இருக்குது, வெளியே இன்னாத்துக்கு வாங்கணும்?"

ஜெனரல் துரை குழாயைத் தொடவில்லை. பார்த்தார், தலையாட்டினார், மிக நல்ல நிலை என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்.

3. சித்திரை வெயில்

அடுத்த மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வைக்கோல் போரில் தீ பிடித்தது. ஆறு பேர் அடிக்க வேண்டிய பம்பை நாலு பேர் அடித்தார்கள். தண்ணீர் ஏறினதும் குழாய் மூன்று இடத்தில் பிளந்து, எல்லாம் எங்கள் காலடியிலேயே கொட்டியது. வாளியை எடுத்தால் வெறும் வாளி. பாய் ஈரக் கோணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடி, சேணங்களை இழுத்து வெளியே போட்டார். வைக்கோலும் பாதிக் கூடாரமும் போயின. அவருடைய இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டன.

4. விசாரணை

கேப்டன் துரை விசாரித்தார். கிளார்க்தான் மொழிபெயர்ப்பு. போன மாதம் மிக நல்ல நிலையில் இருந்த குழாய் இன்று வெடித்தால் அது அவில்தாரின் கவனக்குறைவுதான் என்று, ஜெனரல் எழுதின புத்தகத்தைக் காட்டிக் கிளார்க் சொன்னார். பாய்க்குப் பென்ஷனுக்கு எட்டு மாதம்தான் பாக்கி. அது இல்லாமலே அனுப்பிவிடப் பேச்சு நடந்தது. என் கைவேலை அவர் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது.

கைக்கட்டோடு வராந்தாவில் நின்றவர் என்னிடம் சொன்னார்: "முட்டை சமாச்சாரத்தை நான் சொல்லல. நீயும் வாயத் தொறக்காதே. உன் சோறாவது மிஞ்சட்டும்."

உள்ளே போனேன். எண்ணெய் நின்றது, ஆள் குறைத்தது, முட்டை பூசியது எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். கிளார்க் அதை இங்கிலீஷில் நாலே வார்த்தையாகச் சொன்னார். துரை என்னைப் போகச் சொல்லிக் கையாட்டினார்.

நான் போய் நெருப்புப் படாத குழாய்த் துண்டு ஒன்றையும் எண்ணெய் டின்னையும் எடுத்து வந்தேன். தோல் வாங்குகிறவன் முதலில் மடக்கிப் பார்ப்பான். துரை மேஜைமேல் வைத்து அப்படியே மடக்கினேன். படக்கென்று அப்பளம் மாதிரி ஒடிந்தது. முட்டைப் பூச்சு அவர் காகிதத்தின்மேல் செதில் செதிலாக உதிர்ந்தது. எண்ணெய் டின்னைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை.

துரை அந்தச் செதிலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கிளார்க்கைப் பார்த்து இண்டெண்ட் நோட்டைக் கேட்டார். சிவப்பு மைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பாய்க்குப் பென்ஷன் கிடைத்தது. முட்டை பூசியதாக நானே ஒப்புக்கொண்டதால் எனக்கு வேலை போனது. கிளார்க்கை வேறு ஊருக்குப் பெரிய உத்தியோகத்தில் மாற்றினார்கள். புதுக் குழாய் கேட்ட மனு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. எரிந்த இடத்தில் மட்டும், இங்கே சுருட்டுப் பிடிக்கக் கூடாது என்று போர்டு வைத்தார்கள்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளே, மேலே இருக்கிறவர்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காவிட்டால் அந்தக் குறை கண்ணில் குத்தட்டும், விடுங்கள். உங்கள் கெட்டிக்காரத்தனத்தால் அதை மூடிக் கொடுக்காதீர்கள். நான் மூடினேன். பாயின் விரல்கள் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. கடைசி வரைக்கும் அவர் சம்சாரம்தான் சோறு ஊட்டினாள்.