ஒரு எழுத்துக்காக ஒரு சோளக்காடு

எஸ்ரா ஆட்லி தன்னை எங்கள் ஊரின் தந்தை என்று சொல்லிக்கொள்வான். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நெப்ராஸ்கா புல்வெளிக்கு ரயில் வருமுன் இங்கே இருந்தவை அவனுடைய மக்காச்சோளக் காடும் என் கொல்லுப்பட்டறையும்தான்.

ரயில் கம்பெனிக்குப் பெயர் யோசிக்கக்கூடச் சோம்பல். கிழக்கிலிருந்து ஸ்டேஷன்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வரிசையில் பெயர் வைத்துக்கொண்டே வந்தார்கள். எங்களுக்கு விழுந்தது எச். எஸ்ராவோ தண்டவாளத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நல்ல விளைநிலத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்திருந்தான். ஊருக்குத் தன் பெயர் வைக்க வேண்டுமாம்.

"உன் பேரு ஏ-யில ஆரம்பிக்குதேய்யா! ஏ எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்றான் நிலமளக்க வந்தவன்.

அடுத்த ஞாயிறு இந்த மகான் தேவாலயத்தில் எழுந்து நின்றான். தன் பெயருக்கு முன்னால் ஒரு எச் சேர்த்துக்கொண்டானாம். இனி அவன் ஆட்லி அல்ல, ஹாட்லி.

"உங்கப்பா பேருக்குத் தொப்பி மாட்டிட்டீங்களா? நான் ஆட்லியாவே செத்துப்போறேன்" என்றாள் அவன் மனைவி லெட்டி.

பிறகு, எங்களுக்கு முந்தைய ஸ்டேஷனுக்குத் தோண்டிய கிணற்றில் தண்ணீர் வரவில்லை. அந்த ஸ்டேஷனையே கைவிட்டார்கள், அதன் ஜி எங்கள் தலையில் விழுந்தது. மேற்பார்வையாளர் தன் மாமியார் பெயரை வைத்தார்: ஜார்ஜினா.

"அதுக்கென்ன, ஜாட்லின்னு மாத்திக்கோயேன்!" என்றேன் எஸ்ராவிடம். அதன்பின் அவன் குதிரைக்கு லாடம் கட்டக்கூட என்னிடம் வரவில்லை.

தெற்கிலிருந்து இன்னொரு பாதை வந்து சேர்ந்து ஜார்ஜினா ஜங்ஷன் ஆனது. எஸ்ரா சும்மா கொடுத்த சோளக்காட்டைக் கம்பெனி துண்டு போட்டு விற்றது; ஹோட்டலும் சாராயக்கடைகளும் அதன்மேல் எழுந்தன. அவனுக்கு மிஞ்சியது கரிப்புகை. எச் வீணாக வேண்டாமென்று கம்பெனி, மேற்கே ஒரு பொட்டலில் இருந்த மாட்டுப்பட்டிக்கு 'ஹாட்லி' என்று பலகை நட்டது.

எஸ்ரா கோட்டு மாட்டி, லெட்டியோடு டிக்கெட் வாங்க வந்தான். இரும்பு வாங்கப் போக நானும் பின்னால் நின்றிருந்தேன்.

"ஹாட்லிக்கு ரெண்டு."

"அங்க வண்டி நிக்காதுங்க. மாடு ஏத்துற அன்னிக்குத்தான் நிக்கும்."

"அப்ப இவரை மாட்டோடயே ஏத்திவிடுங்க" என்றாள் லெட்டி.

ஹாட்லிக்கு அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கி ஏறினார்கள்; நானும் அதே பெட்டியில்தான். இடம் நெருங்கியதும் எஸ்ரா எழுந்து, தொப்பியைக் கழற்றி, ஜன்னலோரம் விறைப்பாக நின்றான். பலகையோ எதிர்ப்பக்கம், லெட்டியின் ஜன்னலில் ஓடி மறைந்தது.

"என் பேரு தெரிஞ்சுதா?" என்று திரும்பிக் கேட்டான்.

"மாடுதான் தெரிஞ்சுது" என்றாள் லெட்டி.