கட்டைவிரல் கோடு

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பல் கிளினிக்கில் கோகிலவாணிக்குப் பத்தொன்பது வருடச் சர்வீஸ். மூன்று டாக்டர்கள் மாறிவிட்டார்கள். கறுப்புப் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து எக்ஸ்ரே பிலிம் கழுவுகிற ஆள் மட்டும் மாறவில்லை. வாயில் வைக்கும் முன் பிலிமின் மூலையைக் கட்டைவிரலால் லேசாக மடக்கிவிடுவாள். ஈறில் குத்தாது. "கோகிலா வெச்சா வலியே இருக்காது" என்று தக்காளி மண்டி வரைக்கும் பேச்சு.

போன மாதம் டாக்டர் ஹுமேரா டிஜிட்டல் சென்சார் வாங்கினார். வால் முளைத்த தீப்பெட்டி மாதிரி இருந்தது. வாயில் வைத்துப் பட்டனை அமுக்கினால் பல் கம்ப்யூட்டரில் வந்து நிற்கும்.

"சந்தேகமான பல்லுக்கு மட்டும் ரெண்டுலயும் எடுங்கக்கா. எது தெளிவுன்னு பார்த்துடலாம்."

"பாருங்க டாக்டரம்மா, என் பிலிம்தான் ஜெயிக்கும்."

மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் சாலம்மாள் கன்னம் வீங்கி வந்தாள். வலது பக்கம் கடைவாய்ப் பல் ஒன்றுகூடக் கிடையாது. வலி இடது பக்கம்.

"களின்னா முழுங்கிடுவேன். கறிக்கு இந்த ஒரு பல்லுதாங்க. எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க."

சென்சாரை வைத்ததும் அலறினாள். "ஏன்டி, செங்கல்லத் தூக்கி வாயில வெக்கறே?"

கோகிலவாணிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்து வைத்த பிலிமை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மடக்கினாள். சாலம்மாள் முனகக்கூட இல்லை.

கம்ப்யூட்டரில் வேர் முழுசாகத் தெரிந்தது. பிலிமை விளக்குப் பெட்டியில் வைத்தால், வேரின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு.

"வேர் உடைஞ்சிருக்கு. கம்ப்யூட்டர்ல இது தெரியவே இல்லையே" என்றார் ஹுமேரா. "பிடுங்கித்தான் ஆகணும்."

"நான் சொன்னனா இல்லையா?" கோகிலவாணிக்குத் தரையில் கால் பாவவில்லை. ஹுமேரா மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுக்கப் போனார்.

பிலிமை உறையில் போடும்போதுதான் கோகிலவாணி இன்னொரு தடவை பார்த்தாள். கோடு வேரோடு நிற்கவில்லை. எலும்பைத் தாண்டி, பிறை போல் வளைந்து, பிலிமின் ஓரம் வரை ஓடியது. கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"டாக்டரம்மா, ஊசி போட்டுடாதீங்க! அது உடைசல் இல்லீங்க. நான் மடக்குன தடம்."

மடக்காமல் இன்னொன்று எடுத்தாள். குத்தியது, சாலம்மாள் திட்டினாள். கோடு இல்லை. ஈறில்தான் சீழ். சுத்தம் செய்து மாத்திரை கொடுத்தார் ஹுமேரா.

"அப்ப யாருக்கா ஜெயிச்சது?"

"உங்க தீப்பெட்டிதாங்க. அதை என்னால மடக்க முடியலையே."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சாலம்மாள் சத்தம் போட்டாள். "பல்லு தப்பிச்சது சரி. அந்தச் செங்கல்ல மறுபடி வெச்சீங்கன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்!"

மறுநாள் காலை ஹுமேரா உள்ளே நுழைந்தபோது, சென்சாரின் ஓரத்தில் பஞ்சு சுற்றி, உறை மாட்டி, தன் வாயிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் கோகிலவாணி. எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னும் ஒரு சுத்து சுத்தணுங்க."