பிறந்த இடம்: தோட்டம்

அம்மாவின் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட செய்தியை எங்கள் வீட்டில் முதலில் வாசித்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. ஓசூரில் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பதிவுத் தபாலில் வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால், வீட்டின் ஒரே ஆங்கிலப் புலவர் என்ற தகுதியில் அது என் கைக்கு வந்தது. பொருள் தெரியாத சொற்களைக் கம்பீரமாக உச்சரித்துக்கொண்டே போனவள், ஒரு சொல்லில் மட்டும் பழகிய முகத்தைக் கண்டதுபோல் நின்றேன். ரிஜெக்டட் என்றிருந்தது. தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியிருக்கும் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த சொல் அது. அப்பா தர ஆய்வாளராக இருந்த பேரிங் தொழிற்சாலையில், அளவு பிசகிய உருளைகளைச் சிவப்புத் தொட்டியில் போடும்போது சொல்வது.

"அம்மா ரிஜெக்ட் ஆயிட்டாங்க" என்று அறிவித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா இலங்கை மலையகத்தில் பிறந்தவர். கலவரத்துக்குப் பிறகு, நான்கு வயதில், தந்தையின் தோளிலும் அண்ணனின் கைப்பிடியிலுமாகப் படகில் வந்து இறங்கியவர். அவருடைய தாய் அதற்கு முன்பே அங்கே இறந்துபோயிருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்து அணைக்கரை ஒன்றில் இருந்த அகதிகள் முகாமில் வளர்ந்து, ஓசூரில் துணி ஆலை வேலைக்கு வந்த இடத்தில் அப்பாவை மணந்தார். அப்பா வேப்பனப்பள்ளிக்காரர், மாமரங்கள் வைத்திருந்த விவசாயக் குடும்பம். கல்யாணம் அம்மாவுக்கு வீட்டையும் உறவையும் தந்ததே தவிர நாட்டைத் தரவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் மூவரில் இருவர் இந்தியர். அந்தக் கணக்கை நேராக்கத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார்கள்.

அது தள்ளுபடியானதற்குக் கடிதம் சொன்ன காரணத்தைப் பக்கத்துத் தெரு வக்கீல்தான் விளக்கினார். பிறந்த இடம் பற்றி விண்ணப்பம் ஒன்று சொல்கிறது, முகாம் பதிவேடு வேறொன்று சொல்கிறது. விண்ணப்பத்தின்படி அம்மா பிறந்தது வேப்பனப்பள்ளியில், ஒரு தோட்டத்தில்.

எப்படி நேர்ந்தது என்பது அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. கலெக்டர் அலுவலக வாசலில் மனு தட்டச்சு செய்பவர், "எங்கம்மா பொறந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, "தோட்டத்துல" என்றிருக்கிறார். மலையகத்தாருக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். வேறு தோட்டம் ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர்கள் நினைப்பதில்லை. எங்கள் மாவட்டத்தில் தோட்டம் என்றால் கிணறும் மாமரங்களும் நடுவே ஒரு வீடும் உள்ள நிலம். தட்டச்சுக்காரர் அந்தத் தோட்டத்தை நினைத்துக்கொண்டு, "ஊரு?" என்றிருக்கிறார். முகவரி கேட்கிறார் என்று எண்ணி, பின்னால் நின்ற அப்பா, "வேப்பனப்பள்ளி" என்றிருக்கிறார். ஆங்கிலப் படிவத்தில் அம்மா தமிழில் கையெழுத்திட்டார்.

மறுபரிசீலனை கேட்க முப்பது நாள் தவணை இருந்தது. கேட்பதா, கேட்டால் என்ன சொல்லிக் கேட்பது என்று முடிவுசெய்ய அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒற்றை அறை வீட்டில் கூட்டம் கூடியது. முகாமிலிருந்து மாமா வந்தார். வேப்பனப்பள்ளியிலிருந்து பெரியப்பா வந்தார். மாமா யாரையும் எதிர்த்துப் பேசாதவர். பெரியப்பா யாரையும் பேசவிடாதவர்.

"கிளறாத பாப்பா" என்றார் மாமா. "முகாம் அட்டை இருக்கு. புருஷன், புள்ள இருக்கு. மறுபடி மனு போட்டா, எப்பிடி வந்த, யாரு கூட்டியாந்தாங்கன்னு முதல்லருந்து ஆரம்பிப்பாங்க. பாஸ்போர்ட்டு இல்லாம படகுல வந்தவங்களுக்குச் சட்டத்துல எடமே இல்லன்னு வக்கீலே சொல்றாரு. உண்மையச் சொல்லிப் போட்டாலும் இல்லன்னுதான் வரும்."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ரிஜெக்ட்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமா? எங்க கம்பெனியில ரீவொர்க் பண்ணி அனுப்பற பீஸ் எத்தினி தெரியுமா? ஸ்கிராப்புன்னு எழுதினாத்தான் முடிஞ்சது."

"மனுசனும் பேரிங்கும் ஒண்ணா மச்சான்?"

பெரியப்பா அதுவரை கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அதில் ஒரு புதையலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இது தப்பு இல்லடா. அதிர்ஷ்டம்! வக்கீலக் கேட்டுட்டன். அந்த வருசத்துல இந்த மண்ணுல பொறந்திருந்தா மனுவே வேணாமாம். பொறந்த அன்னிக்கே இந்தியாதானாம். எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். நம்ம தோட்டத்துல பொறந்துச்சு, கைக்கொளந்தையில அங்க போச்சு, திரும்பி வந்துச்சு. சாட்சிக்கு நான் ஆள் வெச்சிருக்கன்."

அப்பா யோசித்தார். "ஏண்ணா, நம்ம தோட்டத்துல பொறந்தா அவ எனக்கு இன்னா முறை ஆவுது?"

"அடச்சீ! தோட்ட வேலைக்கு வந்தவங்க பொண்ணுன்னு எழுதுடா. தங்கச்சின்னா எழுதச் சொன்னன்?"

மாமாகூடச் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் எல்லாருக்கும் தேநீர் ஊற்றியபடி, "அந்தச் சாட்சியை நான் பார்க்கணும்" என்றார்.

அடுத்த வாரம் பெரியப்பாவோடு அம்மாவும் நானும் வேப்பனப்பள்ளி போனோம். சாட்சி என்பவர் தோட்டத்துக் காவல்காரர். நாற்பது ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர். அவருடைய தமிழ் பாதி வழியில் தெலுங்காகிவிடும். எங்களை வரப்போரத்துப் பெரிய மாமரத்தடிக்கு அழைத்துச் சென்றார். அம்மாவை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, கோயிலில் பேசுவதுபோன்ற குரலில் ஆரம்பித்தார்.

"இந்த மரத்தடிதாம்மா. வலி எடுத்தப்போ வண்டி கட்டறதுக்கும் நேரம் இல்ல. மாம்பூ கொட்டிக்கினு இருந்துச்சு. கொளந்தைய ஏந்தினா மூஞ்சி மேலெல்லாம் பூவு. பங்காரம், பங்காரம்னு நான்தான் மொதல்ல சொன்னன்." பங்காரம் என்றால் அவருடைய மொழியில் தங்கம்.

நான் வாய் பிளந்து நின்றேன். என் தோழிகளின் அம்மாக்கள் எல்லாம் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். என் அம்மா பூமழையில் பிறந்திருக்கிறார்! தலைக்கு மேலே அந்த மரம் ஒரு மண்டபம்போலக் கவிந்திருந்தது. இலைகளுக்கிடையே வந்த வெயில் அம்மாவின் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அன்று விழுந்த பூக்களும் அப்படித்தான் விழுந்திருக்கும் என்று தோன்றியது. இதெல்லாம் ஏற்பாடு என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானும்தானே இருந்தேன். ஆனாலும் நம்பினேன். நேரில் பார்த்தவர் சொல்லும்போது நம்பாமல் எப்படி இருப்பது?

அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்கம்மா எப்பிடி இருந்தாங்க?" என்றார்.

காவல்காரர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மரத்தைப் பார்த்தார்.

"நல்ல ஒசரம்மா. அதோ, அந்தக் கிளையப் பிடிச்சுக்கினு நின்னாங்க."

அம்மா அந்தக் கிளையை அண்ணாந்து பார்த்தார். அவர் கை நீட்டினாலும் எட்டாத உயரம்.

"எங்கம்மா குள்ளம்ங்க" என்றார். "கொழுந்து பறிக்கப் போனா, தேயிலைச் செடிக்கு மேல தலை மட்டுந்தான் தெரியும். எங்க லயத்து வீட்டு வாசல்ல உக்காந்து, எந்தத் தலை எங்கம்மாதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். எனக்கு அவங்களப் பத்தி வேற ஞாபகம் எதுவும் இல்ல."

காவல்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "அப்பிடின்னா குள்ளம்னே சொல்லிடறன்மா."

அம்மா சிரித்தார். கண்ணில் நீரோடு சிரித்தார். "வேணாங்க. நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு. பொய்யின்னு தெரிஞ்சும் கேக்க நல்லா இருந்துச்சு" என்று அவரைக் கும்பிட்டார்.

திரும்பி நடக்கும்போது பெரியப்பா ஒருமுறை முயன்று பார்த்தார். "ஒரு எழுத்தும் மாத்த வேணாம்மா. சும்மா இருந்தாலே போதும். நாடு கெடைச்சுரும்."

"கெடைக்கும்" என்றார் அம்மா. "அப்புறம் யாராவது எங்கம்மா எங்கன்னு கேட்டா, இந்த மரத்தக் காட்டணும்."

யாரையும் பேசவிடாத பெரியப்பா, வேப்பனப்பள்ளிப் பேருந்து நிறுத்தம்வரை பேசவே இல்லை. அதுவே எனக்கு அன்றைய இரண்டாவது அதிசயம்.

தவணை முடிய இரண்டு நாள் இருந்தபோது மறுபரிசீலனைப் படிவத்தை அம்மா பாய் மேல் விரித்தார். இம்முறை கலெக்டர் அலுவலக வாசலில் எவரிடமும் போகவில்லை. பேனாவை என்னிடம் கொடுத்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணால் கண்ட அத்தனை பெரிய மரத்தை விட்டுவிட்டு, ஒருவரும் பார்த்திராத ஏதோ ஒரு மலையை எதற்காக எழுத வேண்டும்?

"மாமரம் நல்லா இருந்துச்சேம்மா."

"நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. இப்ப எழுது. பிறந்த இடம், தேயிலைத் தோட்டம்."

எழுதினேன். எஸ்டேட் என்ற சொல்லுக்கு அப்பா எழுத்துக் கூட்டினார். எப்படி வந்தீர்கள் என்ற இடத்தில், அம்மா படகு என்று எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் அது ஒன்றாம் வகுப்புச் சொல். வண்ணப் படத்தில் பாய்மரத்தோடு கிடக்கும். அதை ஒரு பிசிறுமில்லாமல் எழுதிய பெருமையில் என் கோபம் கரைந்துபோனது.

கதவோரம் நின்ற அப்பா, "இத எழுதினா இன்னா ஆவும்னு தெரிஞ்சுதான எழுதற?" என்று கேட்டார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "தெரிஞ்சுதான்" என்றார். அப்பா அருகில் வந்து, படிவம் காற்றில் பறக்காமல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாண்டுகள் கழித்து வந்த பதில் வக்கீல் சொன்னபடியே இருந்தது. இன்றும் தேர்தல் நாளில் அப்பாவும் நானும் மட்டுமே விரலில் மையோடு வீடு திரும்புகிறோம். அம்மா எங்கள் விரல்களைப் பார்த்து, இருவருக்கும் சாப்பாடு எடுத்து வைக்கிறார். வேறு விண்ணப்பம், வேறு சட்டம் என்று நான் இப்போது படித்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மா மறுப்பதில்லை, ஒவ்வொரு படிவத்திலும் பிறந்த இடத்தை மட்டும் தம் கையால் நிரப்புகிறார்.

ஆனால் அன்று பாய் மேல் அமர்ந்திருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. தப்பைத் திருத்தி எழுதிவிட்டோம். திருத்தி எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் போடுவார். நான் அறிந்த உலகம் அவ்வளவுதான்.

"இப்பக் குடுத்துருவாங்களாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா படிவத்தை என் பக்கம் திருப்பினார். "எழுத்துப்பிழை ஏதாவது இருக்கா, பாரு."

விரல் வைத்து இரண்டு முறை வாசித்தேன். "ஒண்ணு கூட இல்லம்மா."

"அப்ப சரி" என்றார்.

கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நான் அதற்குப் பொருள் கொண்டேன்.