அக்கரையில் ஹோயட்டுக்கு என்ன வேலை

மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலைச் சோளக் கஞ்சியில் வெண்ணெயைக் குழைத்துக்கொண்டே, ஹோயட் ஹடவே தன் மனைவியிடம் சொன்னான்.

"ஜார்ஜியா பக்கம் போயி இருந்தா நல்லாத்தான் இருக்கும் போல, வெர்லீன்."

வெர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். அறுபத்தாறு வயதுக்காரன். நாற்பத்தோரு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிறவன். அலபாமாவில் பிறந்து, அலபாமா மின்கம்பங்களில் ஏறி இறங்கியே ஓய்வு பெற்றவன். மாநில எல்லையான ஆற்றின் பாலத்தைத் தாண்டினாலே 'இந்தப் பயலுகளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது' என்று முணுமுணுப்பான். கால்பந்து நாட்களில் ஜார்ஜியாக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவான்.

"ஏன்?" என்றாள்.

"சும்மா சொன்னேன்."

'சும்மா' என்ற சொல்லை வெர்லீன் ஒருநாளும் நம்பியதில்லை. நம்பாமல் இருப்பதற்காகவே அவளுக்கு இருபத்தாறு வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். ஊரில் இருந்த துவாலை மில்லின் வாசலில், வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது அவள் வேலை. துவாலையை வயிற்றில் சுற்றிக்கொண்டு வருகிறவள் மூச்சை மேலாகத்தான் விடுவாள். சாப்பாட்டுப் பெட்டியில் அமுக்கி வைத்திருப்பவன் மழை வருமா என்று பேச்சுக் கொடுப்பான். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சொந்தச் சித்தி மகளையே பிடித்துக் கொடுத்தவள். அதற்குப் பிறகு சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் ஒரு ஆள் இடம் எப்போதும் காலியாகவே இருந்தது. அவள் அதைக் கவனித்தாள், கவலைப்படவில்லை. மில்லை மூடிய பிறகு வேலைதான் போயிற்று, கண் போகவில்லை.

அந்தக் கண் வீட்டுக்குள்ளும் வேலை செய்தது. ஒரே மகன் லேமர் மாத்திரைப் பழக்கத்தில் விழுந்ததை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். அவளுடைய அம்மாவின் மோதிரம் போயிற்று, ஹோயட்டின் வேட்டைத் துப்பாக்கி போயிற்று, கடைசியில் சமையலறைக் கலவை மெஷின்கூடப் போயிற்று. எட்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் வாசல் பூட்டை மாற்றிவிட்டு, அவனோ அவனைச் சேர்ந்த எவருமோ இந்தப் படியை மிதிக்கக் கூடாது என்றாள். லேமர் அக்கரைக்குப் போனான். அங்கேயே சிறைக்கும் போனான். அவன் பேரை அதன்பின் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஞாயிறு மதியம் ஹோயட் ஒரு மஞ்சள் தாளோடு வந்து உட்கார்ந்தான். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் அலபாமா, வலது பக்கம் ஜார்ஜியா.

"அங்க மளிகைக்கு மாநில வரி கெடையாது. நாம இங்க ரொட்டிக்கும் பாலுக்கும்கூட அழறோம்," என்றான்.

"வீட்டு வரி?"

"அது இங்கதான் கம்மி."

"ஆக, ரொட்டில மிச்சம் புடிச்சு வீட்டுக்குக் கட்டப் போற."

"பெரிய ஆஸ்பத்திரி அங்கதான் கிட்ட."

"உனக்கு என்ன வியாதி?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பொதுவாச் சொல்றேன். லாட்டரிகூட இருக்கு அங்க."

"நீ பாப்டிஸ்ட், சூதாட்டமே பாவம்ங்கிற சபை. அதுலயும் டீக்கன், சபைக்கே மூப்பன். லாட்டரிக்காக ஊரு மாறுனேன்னு பாஸ்டர்கிட்ட நான் சொல்லவா, நீயே சொல்லிக்கிறியா?"

ஹோயட் சிரிக்கவில்லை. தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். "அந்த லாட்டரிக் காசுலதான் நாலு வயசுப் புள்ளைங்களுக்கு இலவசமா பள்ளிக்கூடம் நடத்துறாங்க. எல்லாப் புள்ளைக்கும். இங்க அப்படி இல்ல."

"யாரு வீட்டு நாலு வயசு?"

அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "எழுதுற வேகத்துல எழுதிட்டேன்," என்றான். பிறகு, சாயங்காலம் மழை வரும் போலிருக்கிறது என்றான்.

வெர்லீன் தன் தங்கை நடீனுக்குப் போன் செய்தாள். நடீன் மூன்று கல்யாணம் செய்தவள். ஆண்களைப் பற்றிப் பேசுவதில் அவளுக்குத் தயக்கமே கிடையாது.

"ஆம்பள ஊரு மாத்தணும்னு பேசுனா ஊரப் பத்திப் பேசல, அக்கா. அங்க யாரோ இருக்கா."

"ஹோயட்டா? ரெண்டு படி ஏறுனா மூச்சு வாங்குறவன்."

"அதான் சொல்றேன். இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு எல்லாருக்கும் நாப்பது வயசுல தோணும். இவருக்கு இப்பத் தோணுதுன்னா யாரோ சுட்டிக் காட்டியிருக்கா. செவ்வாக்கெழமை எங்க போறாரு?"

செவ்வாய்க்கிழமைகளில் ஹோயட், அலபாமாவுக்குள்ளேயே தள்ளி இருந்த ஓபெலைக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தான். பழைய கூட்டாளி டெல்மரின் டிராக்டரைப் பழுது பார்க்கிறானாம். ஆறு வாரமாக ஒரே டிராக்டர்.

அடுத்த செவ்வாய் அவன் வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று நாற்பது. அவன் குளிக்கப் போனதும் வெர்லீன் அவனுடைய டிரக்கைத் திறந்து பார்த்தாள். இருக்கைக்கு அடியில் ஒரு கடைச் சீட்டு கிடந்தது. கடையின் பேர் இருந்த மேல்பாதி கிழிந்திருந்தது. ஒரு காப்பி, ஒரு சாக்லேட் பால். தேதி அன்றையது, நேரம் பதினொன்று பத்து.

பால் குடித்தால் ஹோயட்டுக்கு வயிறு பொருமும். அது முதல் விஷயம். இரண்டாவது விஷயம்தான் அவளை டிரக்கின் படியிலேயே உட்கார வைத்தது. அலபாமாவின் மணி ஜார்ஜியாவுக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஆற்றோரத்தில் இருந்த இவர்களுடைய ஊர் மட்டும், மில் காலத்துப் பழக்கமாக, ஜார்ஜியா மணியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஓபெலைக்கா அப்படியல்ல. அங்கே வாங்கிய சீட்டாக இருந்தால் பத்து பத்து என்றுதான் இருக்க வேண்டும். இது பதினொன்று பத்து. சொந்த ஊர்க் கடையென்றால் வீடு வர அரைமணி ஆகாது. ஆக, இது ஆற்றைத் தாண்டி வாங்கிய பால்.

மறுவாரம் நடீனுடைய காரை வாங்கிக்கொண்டு, நடீனுடைய வெயில் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, நாலு வண்டி இடைவெளி விட்டு அவன் பின்னால் போனாள். டிரக் பாலத்தைத் தாண்டி, பத்து மைல் தள்ளி ஒரு சின்ன ஊரின் நூலகத்துக்குப் பின்னால் போய் நின்றது. அங்கே பூங்காவில் ஒரு மர மேஜை. மேஜையருகே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தலைமுடியை இறுக்கிப் பின்னியிருந்தாள். அவளோடு ஒரு சின்னப் பெண் குழந்தை. ஹோயட், முட்டி வலி என்று சர்ச்சிலேயே மண்டியிடாதவன், புல்லில் மண்டியிட்டு அந்தக் குழந்தையின் ஷூ வாரைப் போட்டுவிட்டான்.

வெர்லீன் மனதுக்குள் கணக்குப் போட்டாள். குழந்தைக்கு நாலு வயது. ஐந்து வருஷத்துக்கு முன் ஹோயட்டுக்கு அறுபத்தொன்று. அப்போது புயலில் சாய்ந்த கம்பங்களை நிறுத்த மூன்று வாரம் ஜார்ஜியா போயிருந்தான்.  காரை விட்டு இறங்கி நேராக நடந்தாள்.

"டெல்மரோட டிராக்டரு ரொம்பச் சின்னதா இருக்கே," என்றாள்.

ஹோயட் எழ முயன்று, மேஜையைப் பிடித்து, பாதியில் நின்றான். "வெர்லீன்."

"யாரோட புள்ள இது?"

அந்தப் பெண் குறுக்கே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. "நீங்கதான் மிசஸ் ஹடவேயா? நான் ப்ரூயிட். மாவட்டக் குழந்தைங்க பாதுகாப்பு ஆபீஸ்லேர்ந்து வர்றேன். குழந்தைக்கு முன்னாடி கொஞ்சம் மெல்லப் பேசலாமா, அம்மா?"

"லேமரோடது," என்றான் ஹோயட். "பேரு டெஸ்ஸா."

எட்டு வருஷத்துக்குப் பிறகு லேமரின் பேரை அவன் வாயிலிருந்து கேட்டாள் வெர்லீன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குழந்தையை ஜனவரியில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போன தாய் திரும்பவில்லை, அப்பன் சிறையில் இருப்பதால் தாத்தாவைத் தேடிப் பிடித்தோம் என்று ப்ரூயிட் சொல்லிக்கொண்டிருந்தாள். டெஸ்ஸா இப்போது அரசு ஏற்பாடு செய்த வளர்ப்பு வீடு ஒன்றில் இருக்கிறாள், அதுவும் இரண்டாவது வீடு. வெர்லீன் அரைக்காதால்தான் கேட்டாள். கண் குழந்தை மேல் இருந்தது.

மேஜையில் ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கட் பிரித்து வைத்திருந்தது. டெஸ்ஸா ஒன்றைத் தின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அடுத்த இரண்டைக் காலுறைக்குள் செருகினாள். செருகிய கையோடு ஹோயட்டிடம், "மேகம் வருது," என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் வெர்லீன் இரண்டு விதமாக ஒளிப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். விற்பதற்காக ஒளிப்பவர்கள், இல்லாமையால் ஒளிப்பவர்கள். வித்தியாசம் அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். தெரிந்தேதான் இரண்டு பேரையும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறாள். சித்தி மகள் அன்று எடுத்துப்போனது பிரசவத்துக்குப் போயிருந்த மகளுக்காக இரண்டு சின்னத் துவாலை. குழந்தையின் காலுறைக்குள் இருந்ததை வெர்லீன் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போது நடீனுடைய காரை நூலகத்திலேயே விட்டுவிட்டு டிரக்கில் ஏறினாள். பாலம் வந்ததும் கேட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

அவள் ஆற்றைப் பார்த்தாள். "வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான்."

"நீ ஊரு மாறலாம்னு சொன்னது இதுக்குத்தானா? வரி, ஆஸ்பத்திரி, லாட்டரி எல்லாம் சும்மாவா?"

"எல்லாம் நெசம்தான். ஆனா அதுக்காக இல்ல." அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "நாம அலபாமாவுல இருந்தா, ரெண்டு மாநிலமும் காயிதம் மாத்திக்கிட்டே மாசக்கணக்கா ஆவுமாம். அவங்க சட்டத்துக்குள்ள, அவங்க ஊருக்குள்ள வீடு இருந்தா சில வாரத்துல பாத்து முடிச்சிருவாங்களாம். அதுக்குள்ள அவளுக்கு மூணாவது வீடு வந்துரும், வெர்லீன்."

அதையும் வெர்லீன் நம்பிவிடவில்லை. லேமரின் குழந்தை என்பதற்கு யார் சாட்சி? இந்த ப்ரூயிட் எப்படிப்பட்டவள்? மறுநாள் தனியாகப் போய் அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து பதினோரு கேள்வி கேட்டாள். பிறப்புச் சான்றிதழை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்தாள், ஒரு வார்த்தை புரியாமல் ப்ரூயிட்டையே விளக்கச் சொன்னாள். குழந்தையின் பிறந்த தேதி ஒரு தாளில் ஒன்பது என்றும் இன்னொன்றில் பத்தொன்பது என்றும் இருந்ததைச் சுட்டிக் காட்டினாள்.

ப்ரூயிட் அதைத் திருத்திக்கொண்டாள். "மூணு மாசமா நாங்க யாருமே இதக் கவனிக்கல, மிசஸ் ஹடவே."

"அலபாமாவுலேர்ந்து நாங்க கேட்டா எத்தன மாசம் ஆவும்? உங்க வாயால சொல்லுங்க."

"ஏழு, எட்டு. சில நேரம் அதுக்கும் மேல. இங்க இருந்தா, எல்லாம் சரியா இருந்தா, ஆறு வாரம். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதால்தான் வெர்லீனுக்கு அவள் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மே மாதம் அக்கரையில், மூன்று அறை உள்ள ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். பழைய வீட்டிலிருந்து நாலு மைல் இருக்கும். அலபாமா வீட்டை விற்க வெர்லீன் சம்மதிக்கவில்லை, நடீனைக் குடிவைத்தாள். ஜார்ஜியாவில் எல்லாமே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. குழாய்த் தண்ணீர் ஏதோ வாசம் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி பெக்கன் பருப்புப் பணியாரத்தட்டு ஒன்றை நீட்டியபோது, "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பிறகு ஹோயட் கண் காட்டியதால் நன்றி சொன்னாள். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் அலபாமா அட்டையைத் திருப்பித் தர மாட்டேன் என்று அரைமணி நேரம் வாதாடினாள்.

ஆறு வாரம் ஒன்பது வாரமாயிற்று. ஜூலையில் டெஸ்ஸா ஒரு கறுப்புக் குப்பைப் பையில் துணியோடு வந்து இறங்கினாள். முதல் வாரம் தலையணை உறைக்குள் ரொட்டி, டிராயரில் கோழிக்கால், சோபா இடுக்கில் வாழைப்பழம். எறும்பு வரிசை கட்டி வந்தது. ஹோயட் அவளைக் கண்டிக்கலாமா என்று கேட்டான்.

"நீ சும்மா இரு," என்றாள் வெர்லீன். மூடி போட்ட ஒரு தகர டப்பாவில் உப்பு பிஸ்கட்டை நிரப்பிக் குழந்தையின் கட்டிலருகே வைத்தாள். "இது உன்னுது. எண்ணிப் பாக்க மாட்டேன். ஆனா கோழி மட்டும் வேண்டாம், நாறும்."

டெஸ்ஸா டப்பாவை இரண்டு நாள் தொடவேயில்லை. அவளும் ஆட்களைச் சட்டென்று நம்புகிறவள் அல்ல. மூன்றாம் நாள் மூடி திறந்த சத்தம் கேட்டது.

அந்த வாரமே வெர்லீன் தன் சித்தி மகளுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. வராது என்று அவளுக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் நீதிபதி குழந்தையின் பாதுகாப்பை அவர்கள் பேருக்கு எழுதிக் கொடுத்தார். நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது ஹோயட் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினான். இனி எந்த மாநிலத்திலும் இருக்கலாம். ஒரு வருஷமாக ஜார்ஜியாக்காரர்கள் நடுவில் கால்பந்து பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்தான்.

"நம்ம வீட்டுக்கே போயிரலாமா?" என்றான். "ஆகஸ்டுல இவள அங்கயே பெரிய பள்ளிக்கூடத்துல சேத்துரலாம்."

 அந்த வாரம் வெர்லீன் நல்ல உடை உடுத்திக்கொண்டு, முதலில் அலபாமா பள்ளிக்கும் பிறகு ஜார்ஜியா பள்ளிக்கும், சொல்லாமல் கொள்ளாமல் போனாள். இரவு உணவின்போது ஹோயட் கேட்டான்.

"பாத்தியா? எது தேவல?"

"அலபாமாவுல டீச்சரு நல்ல பொண்ணு. சாப்பாடும் நல்லாருக்கு. ஆனா கதவு தெறந்தே கெடந்துச்சு. நான் பாட்டுக்கு உள்ள போயி சின்னக் கிளாஸ் வரைக்கும் நடந்தேன், யாருன்னு ஒருத்தன் கேக்கல." அவள் டெஸ்ஸாவின் தட்டில் இன்னொரு கரண்டி அவரைக்கொட்டையை வைத்தாள். "இங்க பள்ளிக்கூட ஆபீஸ்ல இருக்கவ என் லைசென்ஸ் அட்டையக் கேட்டா. குடுத்தேன். என் மூஞ்சியப் பாத்துட்டு மறுபடியும் கேட்டா. ப்ரூயிட்டுக்கே போன் போட்டு விசாரிச்சா."

"உனக்குக் கோவம் வந்திருக்குமே," என்றான் ஹோயட்.

"இங்கயே இருப்போம்," என்றாள் வெர்லீன்.