தம்பியைப் பிடித்த கை

மக்கீன் அலுவிகாரையில் வீதியோரமாகக் கடை வைத்திருந்தார். மிளகும் கொக்கோவும் வாங்கிக் காயவைத்து மாத்தளை டவுனுக்கு அனுப்புவார். மிளகுக்குள் ஒரு காம்பு கிடந்தாலும் குனிந்து பொறுக்கிப் போடுகிற ஆள். வாப்பா மௌத்தாகிப் போனதும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தம்பி ஜுனைதீனை அவர்தான் வளர்த்தார். சுதுகங்கையில் அவனுக்கு நீந்தப் பழக்கியதும் அவர்தான். ஜுனைதீன் தண்ணீரில் இறங்கினால் வழியில் போகிறவர்களும் நின்று பார்ப்பார்கள். "ஆரு இவனைப் பழக்கின?" என்று எவராவது கேட்க மாட்டார்களா என்று மக்கீன் கரையை விட்டு அசையமாட்டார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பகல் சோறு தின்றவன் பின்னேரத்து அஸர் பாங்கு கேட்கும்வரை ஆற்றில் கால் வைக்கக் கூடாது. சோறு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும், கை கால் இழுக்கும், ஆள் கல்லைப்போல அடியில் போய்விடுவான் என்று வாப்பா சொல்லியிருந்தார். அது உண்மையா என்று மக்கீன் யாரிடமும் கேட்டதில்லை. மழை இரைச்சலில் பாங்கு கேட்காத நாட்களில் பள்ளிவாசலுக்கு ஆளனுப்பி விசாரிப்பார். "மோதினார் பாங்கு சொல்றது தொழுகைக்கா, மக்கீன் நானாட வயித்துக்கா?" என்று பொடியன்கள் நக்கலடிப்பார்கள். அவர் சிரிப்பார். ஆனால் ஒருவனையும் இறங்க விடமாட்டார்.

அறுபத்திரண்டாம் வருஷம் பள்ளிவாசல் கந்தூரி விருந்தன்று மலையில் மழை பெய்து ஆறு கலங்கி ஓடியது. ஆறாறு பேராகச் சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மக்கீன் இறைச்சித் துண்டுகளைத் தம்பி பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். "நானா, என்னைக் கொல்லப் பாக்கிறீங்களா?" என்றான் ஜுனைதீன்.

கை கழுவ இருவரும் ஆற்றங்கரைக்கு வந்தபோதுதான் அலறல் கேட்டது. கந்தூரிப் பானை கழுவிக்கொண்டிருந்தவள் ஊர்க்காரி நாச்சியா. அவளுடைய மகள் ஹிதாயா, பீங்கான் தட்டோடு வழுக்கி விழுந்திருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. சுழியில் அவளுடைய பாவாடை மட்டும் தெரிந்தது.

ஜுனைதீன் சாரனை மடித்துக் கட்டினான். மக்கீன் அவன் கையை எட்டிப் பிடித்தார்.

"போகாதடா! சோறு திண்ட வயிறு! நீயும் போயிருவ!"

"உடுங்க நானா!"

விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். அந்தக் கரையில் தம்பிக்கு அடுத்தபடியாக நீந்தத் தெரிந்தவர் அவரே. அவருடைய கால்களும் நகரவில்லை. பாவாடை மறைந்தது. ஜுனைதீன் அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான்.

கீழே மூங்கில் புதரடியில் பிள்ளையோடு கரையேறினான். வயிற்றைப் பிடிக்கவில்லை, கால் இழுக்கவில்லை. பிள்ளைக்கு மூச்சு இருந்தது, நிறம் மட்டும் இல்லை. சனம் ஓடிவந்து மக்கீனைக் கட்டிப்பிடித்தது. "நீங்க பழக்கின பழக்கம்தானே நானா!" எத்தனையோ நாள் அவர் காத்திருந்த பேச்சு அது. காது கூசியது.

நெஞ்சில் தண்ணீர் போய்ப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த மாணிக்கவாசகம், யாழ்ப்பாணத்து மனிசர், வெகுகாலம் அங்கே வேலை பார்த்தவர். மக்கீன் அவரை வராந்தாவில் மறித்துக் கேட்டார்.

"ஐயா, சாப்பிட்ட கையோட நீந்தினா ஆள் தாழுமா?"

"வயிறு கனக்கும். சிலருக்குக் கொஞ்சம் பிடிக்கும். அதாலை தாழ்ந்து செத்தவனை நான் இன்னும் காணேல்லை. குடிச்சிட்டு இறங்கிச் செத்தவங்களைத்தான் கண்டிருக்கிறன். ஏன், பிள்ளை சாப்பிட்டிட்டோ விழுந்தது?"

"இல்ல. நான் சும்மா கேட்டேன்."

அன்றிரவு மக்கீன் சோற்றைப் பிசைந்தார், தின்ன முடியவில்லை. ஜுனைதீன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு மக்கீன் நாச்சியாவிடம் போனார். அவள் பாய் போட்டு இருக்கச் சொன்னாள். ஹிதாயா மூலையில் படுத்திருந்தாள்.

"தங்கச்சி, அண்டைக்கு ஜுனைதீன் முதல்லயே பாயப் பாத்தான். நான்தான் புடிச்சு வச்சிருந்தேன்."

"கண்டேன்" என்றாள் நாச்சியா. "எல்லாரும் ஆத்தப் பாத்தாங்க. நான் உங்கட கையத்தான் பாத்தேன். நாசமாப் போகட்டும்னு மனசால ஏசினேன் நானா, மறைக்கல்ல."

"ஏசினது சரி. தம்பி போயிருவான்னு பயந்தேன். நானும் பாயல்ல."

"உங்களுக்கு உங்கட புள்ள. எனக்கு என்ட புள்ள."

மூலையிலிருந்து ஹிதாயா தண்ணீர் கேட்டாள். கோப்பை மக்கீனுக்குக் கிட்டத்தில் இருந்தது. எடுக்கலாமா என்று தெரியாமல் நாச்சியாவின் முகத்தைப் பார்த்தார். கோபம் அங்கே அப்படியேதான் இருந்தது.

"குடுங்களேன் நானா, புள்ள கேக்குதே" என்றாள்.