என் முகத்தில் விழாத ஓட்டை

என்னைவிடப் பெரிய முட்டாள் கும்மிடிப்பூண்டியில் கிடையாது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் ஓட்டல் திறப்புக்கு என் படமே போட்டு இருபதடி பிளெக்ஸ் போர்டு வைத்தேன். பார்வையிட வந்த பேரூராட்சி மேற்பார்வையாளர், "காத்து போவ நாலு ஓட்டை போடு நைனா, இல்லாட்டி சாஞ்சிடும்" என்றார்.

"மூஞ்சியில விழுமே சார், அது ஏற்கெனவே சுமாரு!" என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காற்றில் போர்டு சாரத்தோடு சாய்ந்தது. சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வெல்டர் மஸ்தானின் கால் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது இரண்டடித் தகரப் பலகைதான். அதையும் பேரூராட்சியில் வரைந்து காட்டி, அனுமதி வாங்கிய பிறகே மாட்டினேன். மஸ்தான் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அந்தக் கட்டைய எடு, உள்ள போவணும்."